பத்துக்கு ஏழு

கோல்ஃப் பயிற்சித் திடலின் பின்பக்கம், பந்து கழுவும் இயந்திரத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவே ஒரு சின்ன அறை இருந்தது. மட்டை ரிப்பேர் செய்கிறவரின் அறை. ஒரு மேஜை, அதில் சாமானை இறுக்கிப் பிடிக்கிற ஒரு வைஸ், மட்டையின் கழுத்தைப் பிடித்து வளைக்கிற கனத்த இயந்திரம் ஒன்று, சுவரில் வரிசையாகத் தொங்கும் ரப்பர் பிடிகள். அந்த அறையில் அவர் பத்தொன்பது வருஷத்தைக் கழித்திருந்தார். யார் என்ன குறையோடு வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "சரி பண்ணிடலாம்" என்பதுதான். அதனால் அவருக்குச் சரிபண்ணி என்றே பெயர் விழுந்து, நாளடைவில் சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். இரும்புத் தலை வைத்த ஒரு அயர்ன் மட்டையைக் கையில் வாங்கி, அதன் முகத்தில் தேய்ந்திருக்கும் இடத்தைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவுவார். "சார், உங்களுக்குப் பந்து நடுவுல படறதே இல்ல, நுனியிலதான் படுது. இப்பல்லாம் வலது பக்கமா ஓடுது இல்ல?" என்பார். எதிரில் நிற்கும் மெம்பர் வேகமாகத் தலையாட்டுவார். மட்டையை ஒன்றரை டிகிரி வளைத்துக் கொடுத்ததும் சந்தோஷமாகப் போய்விடுவார். அடுத்த மாதம் அதே மெம்பர் அதே மட்டையோடு திரும்பி வந்து நிற்பார். அது ஏன் என்று சரிபண்ணி யோசித்ததில்லை. வளைக்க வேண்டியது மட்டையை என்றால் மட்டையை வளைப்பார், அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கதைதான். ஆடுகிற நாற்காலி, ஒட்டுகிற கதவு, கிறீச்சிடும் மின்விசிறி எதுவும் அவர் கைக்குத் தப்பாது. "எங்க வீட்ல எந்தச் சாமானும் நிம்மதியா உடைய முடியாது" என்பாள் அவர் மனைவி. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி வெட்டி மாட்டுவது அவள் வேலை. அவளுக்கும் கை வேலை என்பதால் கேலி செய்யும் உரிமை இருந்தது.

அவருக்கு ஆடவும் தெரியும். முப்பது வயதில், யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன மட்டைகளைச் சேர்த்து ஒரு செட் ஆக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தவர். நன்றாகவே ஆடினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகும்வரை. அதற்குப் பிறகு அயர்ன் மட்டைகள் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டன.

அயர்ன் ஆட்டத்தில் எல்லாம் ஒரே விஷயத்தில்தான் இருக்கிறது. மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டும், அதற்குப் பிறகுதான் மண்ணை. அப்படி அடித்தால் பந்து போன பிறகு ஒரு சின்னப் புல் துண்டு பெயர்ந்து எழும்பும். முதலில் மண்ணைத் தொட்டால் 'தொப்' என்று ஒரு சத்தம், பந்து நாலு அடி தள்ளிப் போய்ச் சோம்பலாக உட்காரும். அவருக்கு இரண்டாவதுதான் வந்துகொண்டிருந்தது. அவர் என்ன செய்தார்? மட்டைகளைச் சரிபண்ணினார். மண்ணில் குத்துகிற கீழ் விளிம்பை அரத்தால் ராவி உருட்டினார். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வளைத்தார். இப்போது மட்டை மண்ணைக் குத்தாமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டியது. தினமும் சாயங்காலம் அவர் அடித்துப் பார்ப்பதும் பிளாஸ்டிக் புல் விரிப்பின் மேல். அந்த விரிப்பு எந்தத் தப்பையும் வெளியே சொல்லாது. பந்து பறக்கிற சத்தம் கேட்டுக் காது குளிர்ந்தது. சரியாகிவிட்டது என்று அவர் நம்பினார்.

அப்படி இருக்கும்போதுதான் திடலின் உதவிப் பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போகப்போவதாகச் செய்தி வந்தது. அந்த வேலைக்குக் கோல்ஃப் சங்கம் வைக்கிற தேர்வில் தேற வேண்டும். தேர்வு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. வயது ஐம்பத்துமூன்றுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு ஐம்பத்திரண்டு. இதை விட்டால் இல்லை.

அவருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. சம்பளம் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, அதுதான் விஷயம். பத்தொன்பது வருஷமாக மோட்டார் சத்தத்தில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் மட்டைகளின் முகத்தைப் பார்த்தவருக்கு, புல்தரையில் வெயிலில் நின்று ஒரு மனுஷர் அடிப்பதை நேரில் பார்த்து, "இப்ப பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆசை. அந்த ஆசையை நினைத்தால் அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தேர்வு கேட்க எளிது. புல்தரையில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு போடுவார்கள். கோட்டின் மேல் பந்து. அடித்த பிறகு புல்லில் மட்டை சீவிய தடம் கோட்டைத் தாண்டி, பந்து போன பக்கம் இருக்க வேண்டும். தடம் கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் அந்தப் பந்து கணக்கில்லை. தடமே விழாமல் பந்தின் தலையில் தட்டினாலும் கணக்கில்லை. பத்துப் பந்தில் ஏழு தேற வேண்டும். சொந்த மட்டை கூடாது, சங்கம் கொடுக்கிற ஏழாம் நம்பர் அயர்னால்தான் அடிக்க வேண்டும்.

கடைசி விதியைப் படித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிடி மாற்ற வந்திருந்த ஒரு மெம்பரின் ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டு, அறைக்குப் பின்னால் இருந்த புல் திட்டுக்குப் போனார். சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு கிழித்தார். பந்தை வைத்து அடித்தார். தொப். குனிந்து பார்த்தால் தடம் கோட்டுக்கு நாலு விரல் பின்னால். இன்னொன்று அடித்தார். அதுவும் நாலு விரல். பத்து அடித்தார். பத்துத் தடமும் ஒரே இடத்தில், வயலில் வரிசை பிடித்த மாதிரி.

உடனே அவருக்குத் தோன்றியது மட்டையில்தான் கோளாறு என்று. கொண்டுபோய் இயந்திரத்தில் மாட்டி அளந்தார். மட்டை கச்சிதமாக இருந்தது. அப்படியானால் இயந்திரம் தப்பாகக் காட்டுகிறது. ரசமட்டம் வைத்து இயந்திரத்தைச் சோதித்தார். அதுவும் சரி. ரசமட்டம்தான் கெட்டுவிட்டதோ என்று ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான், அவரை வைஸில் மாட்ட வழியில்லை.

தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது சங்கத்திலிருந்து ஒரு பை வந்தது. தேர்வுக்கு வைக்கப்போகிற நாலு ஏழாம் நம்பர் அயர்ன்களும் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் புதுப் பிடி போட வேண்டுமாம். அவர்களுடைய மட்டைகளுக்கு எப்போதும் அவர்தான் பிடி போடுகிறவர். அவரே தேர்வில் கலந்துகொள்ளப்போகிறார் என்று பையை அனுப்பிய குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை.

மூன்று மட்டைகளுக்கு அரை மணியில் பிடி போட்டு முடித்தார். நாலாவதைக் கையில் எடுத்தவர் அதன் கீழ் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அரத்தை எடுத்தார். திட்டம் போட்டுச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போனது. ஆனால் கை தானாகப் போயிற்று என்பதும் சப்பைக்கட்டுதான். ஏனென்றால் விளிம்பை ராவி, தலையை இரண்டு டிகிரி சாய்த்து, மினுக்கித் துடைத்த பிறகு, அந்த மட்டையின் பிடியில் இருந்த முத்திரையை மேல் பக்கம் வராமல் அடிப்பக்கம் திரும்பும்படி அவர் ஒட்டினார். அடையாளம் இல்லாமல் அதை எப்படிப் பொறுக்கி எடுப்பது? பை மறுநாளே திரும்பிப் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம். மனைவி இரண்டு படி பின்னால் வந்தாள்.

"என்னங்க, ஒரு நிமிஷம் நில்லுங்க. இப்ப இறங்குங்க."

"என்ன?"

"இறங்குங்களேன், பாக்கறேன்." அவர் இறங்கினார். "எல்லாப் படியிலயும் இடது காலை முதல்ல கீழ வெக்கறீங்க. அப்புறம் வலது காலைக் கொண்டுவந்து பக்கத்துல வெக்கறீங்க. சின்னக் குழந்தை இறங்கற மாதிரி. வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல."

"அப்ப?"

"பழகிப் போச்சு."

"பழக்கம் இல்ல, பயம். ரெண்டு வருஷமா அந்தக் கால் மேல நீங்க நிக்கவே இல்ல. டாக்டர் என்ன சொன்னாரு? ஓடலாம், ஏறலாம், நான் உத்தரவாதம்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"நீங்க சரி பண்ணிக் குடுத்த மட்டையை ஒருத்தர் ரெண்டு வருஷமா பயந்துக்கிட்டு எடுக்காமலே வெச்சிருந்தா நீங்க என்ன சொல்வீங்க?"

சரிபண்ணிக்குச் சுருக்கென்றது. "என் வேலையில நம்பிக்கை இல்லையான்னு கேப்பேன்."

"அந்த டாக்டரும் அதைத்தான் கேப்பாரு" என்று சொல்லிவிட்டு அவள் அவரைத் தாண்டி இறங்கிப் போனாள். கீழே போனதும் திரும்பி நின்று, "எங்க கடையில தினம் ஒருத்தர் புதுக் கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு வந்து, தரை சாயுது, இது தப்புன்னு சண்டை போடுவாரு. தப்பான கண்ணாடியிலயே பழகின கண்ணு. ஒரு வாரம் போட்டுட்டு அப்புறம் வந்து திட்டுங்கன்னு அனுப்புவேன். யாரும் திரும்பி வந்ததில்ல" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் புல் திட்டுக்குப் போனார். வலது குதிகாலைத் தூக்கி, நுனிவிரலை மட்டும் தரையில் வைத்து, உடம்பை மொத்தமாக இடது கால் மேல் ஏற்றி நின்றார். முழங்கால் இப்போது முறியும், இப்போது மடங்கும் என்று ஒவ்வொரு நொடியும் காத்திருந்தார். அது பாட்டுக்கு நின்றது. அப்படியே நின்றபடி சின்னதாக, இடுப்பளவு மட்டையைத் தூக்கி அடித்தார். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் பந்தின் தலையில் தட்டினார். நாலாம் நாள் கோபத்தில் மட்டையைத் தரையில் போட்டுவிட்டு, மெம்பரின் மட்டையாயிற்றே என்று பதறி எடுத்துத் துடைத்தார். மட்டையைக் கொண்டுபோய் வளைக்கலாம் என்று கை அரித்தது. வளைக்கவில்லை.

ஆறாம் நாள் அது வந்தது. அடிக்கும்போது உடம்பு இடது காலுக்கு முழுதாகப் போய்விட்டது, அதை அவர் நினைக்கக்கூட இல்லை. தொப் என்ற சத்தம் வரவில்லை. வேறொரு சத்தம், சுருக்கமாக, கெட்டியாக. பந்து கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் புல் துண்டு எழும்பிற்று. குனிந்து பார்த்தார். தடம் கோட்டைத் தாண்டித் தொடங்கி இருந்தது. கோடு முழுசாக, யாரும் தொடாமல், வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடது முழங்காலை இரண்டு தட்டு தட்டிக்கொடுத்தார். கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அந்த நாலாவது மட்டை ஞாபகம் வந்து பகீரென்றது. இப்போது அது அவருக்கு வேண்டாம். ஆனால் அது அங்கே இருக்கிறது. மண்ணை முதலில் தொடுகிற ஆளுக்காக ராவிய மட்டை, பந்தை முதலில் தொடுகிற ஆளிடம் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். விளிம்பு தரையில் பட்டுத் தெறித்துப் பந்தின் மண்டையில் இடிக்கும். சங்கத்துக்குப் போன் செய்தார்.

"ஒரு மட்டையில பிடி சரியா ஒட்டலைன்னு தோணுது. திருப்பி அனுப்புனா பாத்துக் குடுத்துடறேன்."

"அதெல்லாம் பூட்டி வெச்சாச்சு சார். தேர்வு அன்னைக்குத்தான் எடுப்பாங்க" என்றார் குமாஸ்தா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, வெளியேதான் வரவில்லை. போனை வைத்துவிட்டு அவர் தனக்கென்று ஒரு சமாதானம் செய்துகொண்டார். அவரவர் தானே மட்டையைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? அந்த மட்டையை நானே எடுத்துக்கொள்கிறேன். கெடுத்தவன் நான், கஷ்டமும் எனக்கே இருக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை. இதுவும் ஒரு ரிப்பேர்தான் என்று பாவம் அவருக்குப் புரியவில்லை.

தேர்வு அன்று நாலு பேர் வந்திருந்தார்கள். தேர்வாளர் ஒல்லியான, சிரிக்காத மனிதர். ஒரு தொப்பியில் நாலு சீட்டைப் போட்டு யார் முதல், யார் அடுத்து என்று எடுக்கச் சொன்னார். சரிபண்ணிக்கு வந்தது நாலு. ஒன்றாம் நம்பர் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு டீச்சருக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த அம்மா தாங்கியில் இருந்த நாலு மட்டைகளிலும் கை வைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனார். முத்திரை அடிப்பக்கம் திரும்பியிருந்தது.

பந்து இல்லாமல் ஒத்திகை வீச்சு வீசியபோதே அந்த அம்மாவின் ஆட்டம் எப்படி என்று தெரிந்துவிட்டது. இடது கால் மேல் அழகாக வந்து நின்றது உடம்பு. முதல் பந்தை அடித்தார். டங்கென்று பந்தின் மண்டையில் பட்டு, தரையோடு தரையாக ஓடியது. தடம் இல்லை. "இல்லை" என்றார் தேர்வாளர். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பத்தில் மூன்று போனால் மீதி ஏழும் தேறியாக வேண்டும்.

டீச்சர் மட்டையைப் பார்க்கவில்லை. தன் கைகளை விரித்துப் பார்த்தார். பிறகு கால்களைப் பார்த்தார். "எனக்கு என்ன ஆச்சு?" என்று தனக்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு, பந்துக்குக் கொஞ்சம் கிட்டே தள்ளி நின்றார், தன் ஆட்டத்தை மாற்றப் பார்த்தார். அதைத்தான் சரிபண்ணியால் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷம் தன் மேல் இருந்த குற்றத்தை மட்டையின் மேல் போட்டவர் அவர். இங்கே ஒருவர் மட்டையின் குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு, நன்றாக இருந்த ஒன்றைப் பிரித்துப் போடத் தொடங்குகிறார்.

"நிறுத்துங்கம்மா" என்றார் சத்தமாக. "உங்க மேல தப்பு இல்ல. மட்டை சரியில்ல."

தேர்வாளர் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் ராவினேன்."

எல்லாவற்றையும் சொன்னார், அடிப்பக்கம் திரும்பிய முத்திரை உட்பட. காது மடலெல்லாம் சூடாக இருந்தது. தேர்வாளர் மட்டையை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். வேறு மட்டையை எடுத்து டீச்சர் கையில் கொடுத்து, "முதல்லேர்ந்து பத்து" என்றார். பிறகு தன் தாளில் நாலாவது பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஆனா சொல்லிட்டீங்க. நான் வேற என்ன பண்ண முடியும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம் சார்" என்றார் சரிபண்ணி.

டீச்சர் பத்துக்கு ஒன்பது அடித்தார். மற்ற இருவரும் தேறவில்லை. தேர்வாளர் தாளை மடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். சரிபண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போனது வருத்தம்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஏக்கம் ஒன்று இருந்தது. அவர் அடிப்பதை யாருமே பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை.

"சார்." டீச்சர்தான். கோபமாகப் பேசப் போகிறார் என்று நினைத்தார். கோபம் இருந்தது. "என் உயிரே போயிடுச்சு தெரியுமா அந்த மூணு பந்துல?"

"தெரியும்மா. மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா கையில் இருந்த நல்ல மட்டையை நீட்டினார். "பந்து மிச்சம் இருக்கு. அடிங்க. ராவாம உங்களால முடியுமான்னு நான் பாக்கணும்."

முதல் பந்து தொப். டீச்சர் இரக்கமே இல்லாமல் "இல்லை" என்றார், தேர்வாளர் மாதிரியே. சரிபண்ணி மூச்சை இழுத்து விட்டு, உடம்பை இடது காலுக்குக் கொண்டுபோனார். இரண்டாவது தேறியது. மூன்றாவது, நாலாவது தேறின. ஐந்தாவதில் கால் தயங்கியது, பின்னால் விழுந்தது. ஆறு, ஏழு, எட்டு தேறின. ஒன்பதாவது கோட்டுக்கு ஒரு விரல் பின்னால். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் குனிந்து, தடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அவர் பத்தாவதை அடித்ததும் டீச்சர் நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து மனைவிக்குப் போன் செய்தார். கடையில் லென்ஸ் வெட்டுகிற இயந்திரச் சத்தம் பின்னால் கேட்டது. மட்டையை ராவியதிலிருந்து பெயரை அடித்ததுவரை ஒன்று விடாமல் சொன்னார். அவள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை.

"அப்புறம் சும்மா பத்துப் பந்து அடிச்சேன்" என்றார். "கணக்குல இல்ல. அந்த டீச்சர்தான் நின்னு பாத்தாங்க."

"எத்தனை?"

"ஏழு."

இயந்திரச் சத்தம் நின்றது. அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"சரியாக் கேக்கல" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஏழு" என்றார்.